சிம்ப்சனின் தாள்களை எங்கே தொடங்கி எப்படிப் படிப்பது?

பிரசவத்தில் மயக்க மருந்தைப் புகுத்திய எடின்பரோ மகப்பேறியல் பேராசிரியர் ஜேம்ஸ் யங் சிம்ப்சனைப் பற்றி எழுத முனைபவர்கள், பெரும்பாலும் அவர் மறைந்தபின் வந்த வாழ்க்கை வரலாறுகளையே முதலில் கையில் எடுக்கிறார்கள். அந்த வரிசையைத் திருப்பிப்போட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒரு நிகழ்ச்சிக்கு மிக அருகில் எழுதப்பட்ட தாளை முதலில் படித்துவிட்டு, அதன் பிறகே பிறர் சொன்ன கதைக்கு வர வேண்டும்.

தொடங்குமுன் அரைப் பக்கத்தில் ஓர் ஆண்டு வரிசை எழுதிக்கொள்ளுங்கள். 1811இல் பாத்கேட் ஊரில் ரொட்டி சுடுபவரின் மகனாகப் பிறந்தார், 1832இல் மருத்துவப் பட்டம் பெற்றார், 1840இல் ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் பேராசிரியரானார், 1870இல் மறைந்தார். 1847ஆம் ஆண்டுக்கு மட்டும் மாதமும் நாளும் குறிக்க இடம் விடுங்கள். அந்த ஜனவரியில் அவர் பிரசவத்தில் ஈதர் என்ற மயக்க மருந்தைப் பயன்படுத்தினார். நவம்பர் 4 இரவு குயீன் தெரு 52ஆம் எண் வீட்டில் உதவியாளர்கள் கீத், டங்கன் ஆகியோருடன் குளோரோஃபார்ம் என்ற இன்னொரு மருந்தைத் தாமே முகர்ந்து பார்த்தார். நவம்பர் 10 அன்று மருத்துவச் சங்கத்தில் அதை அறிவித்தார்.

அடுத்து, அந்த மாதமே அச்சான அவருடைய சிறு நூலை எடுத்து, அதில் குளோரோஃபார்ம் கொடுத்து நடந்த முதல் பிரசவம் பற்றிய பத்தியை மெதுவாகப் படியுங்கள். அந்தப் பெண்ணின் முந்தைய பிரசவம் மூன்று நாள் நீடித்து, குழந்தையின் தலையைத் துளைத்து எடுப்பதில் முடிந்திருந்தது. இம்முறை வலி தொடங்கி மூன்றரை மணி நேரம் ஆனபோது, புனல் போலச் சுருட்டிய கைக்குட்டையில் அரைத் தேக்கரண்டி மருந்தை நனைத்து அவருடைய வாய்க்கும் மூக்குக்கும் மேலே பிடித்தார் சிம்ப்சன். சுமார் 25 நிமிடத்தில் குழந்தை பிறந்தது. கண்விழித்த தாயிடம் பிரசவம் முடிந்துவிட்டது என்றும், கையில் கொடுக்கப்பட்டது அவருடைய உயிருள்ள குழந்தைதான் என்றும் நம்பவைப்பதே பெரும்பாடாக இருந்தது என்று சிம்ப்சன் எழுதுகிறார். முந்தைய பிரசவத்தை மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால்தான் அந்த வரியின் கனம் புரியும்.

அடிக்குறிப்புகளைத் தாண்டிப் போகாதீர்கள். குளோரோஃபார்மை முயன்று பார்க்கலாம் என்று முதலில் பெயர் சொன்னவர் டேவிட் வால்டி என்ற வேதியியலாளர். பின்னாளில் கல்கத்தாவில் தொழில் நடத்திய அவருக்குச் சிம்ப்சன் கொடுத்த இடம் ஓர் அடிக்குறிப்பு மட்டுமே. அது போதுமா என்ற விவாதம் நெடுங்காலம் நடந்தது. போதாது என்றே எனக்குத் தோன்றுகிறது.

பிரசவ வலியை மருந்தால் நீக்குவதற்கு எழுந்த மத எதிர்ப்புகளுக்குச் சிம்ப்சன் எழுதிய பதிலைப் படிக்கும்போது வேதாகமத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ‘வேதனையோடே பிள்ளை பெறுவாய்’ என்ற ஆதியாகம வசனத்தை எதிர்த்தரப்பு காட்டியபோது, அங்குள்ள எபிரேயச் சொல் உடல் உழைப்பையே குறிக்கும் என்று வாதாடிய அவர், ஆதாமின் விலா எலும்பை எடுக்குமுன் கர்த்தர் அவனுக்கு ‘அயர்ந்த நித்திரையை’ வரப்பண்ணியதையும் எடுத்துக்காட்டினார்.

அவருடைய வாதம் எவ்வளவு வலுவாக இருந்தாலும், எதிராக நிற்கும் செய்தியையும் அதே நாளில் படித்துவிடுங்கள். 1848 ஜனவரியில், கால் நகத்தை எடுப்பதற்காகக் குளோரோஃபார்ம் கொடுக்கப்பட்ட 15 வயது ஹன்னா கிரீனர் சில நிமிடங்களில் இறந்தாள். அவளை எழுப்புவதற்காக வாயில் ஊற்றிய நீரும் பிராந்தியுமே காரணம் என்றார் சிம்ப்சன். தம் மருந்தைக் காக்க வேண்டிய நிலையில் இருந்தவரின் விளக்கம் அது என்பதைக் குறிப்பேட்டில் சேர்த்து எழுதுங்கள்.

எடின்பரோ அறுவை மருத்துவர் கல்லூரியில் உள்ள அவருடைய கடிதங்களைப் பார்க்கும்போது, ஒவ்வொன்றுக்கும் நாள், எழுதியவர், பெறுபவர், மூலமா படியா என்ற நான்கையும் உள்ளடக்கத்துக்கு முன்பே குறித்துவிடுங்கள்.

கடைசியாகக் குடும்பக் கதைகளைச் சோதியுங்கள். குளோரோஃபார்மில் பிறந்த அந்த முதல் குழந்தைக்கு ‘அனஸ்தீசியா’ (மயக்கநிலை) என்றே பெயர் சூட்டினார்கள் என்று பல நூல்கள் எழுதின. ஞானஸ்நானப் பதிவேட்டில் இருக்கும் பெயர் வில்ஹெல்மினா.