நாடி 150-ஐத் தாண்டும்போது: அவசரப் பிரிவில் செய்ய வேண்டியவை

மானிட்டரில் 180 என்று பார்த்ததும் கண் அங்கேயே நின்றுவிடும். முதலில் நோயாளியைப் பாருங்கள். ரத்த அழுத்தம் விழுந்துவிட்டதா? பேச்சு குழறுகிறதா? நெஞ்சு வலியா, மூச்சு முட்டுகிறதா, கைகால் சில்லிட்டு வியர்க்கிறதா? வேகத் துடிப்பால்தான் இவற்றில் ஏதாவது வந்திருக்கிறது என்றால் மருந்தை நம்பி நேரம் கடத்தாமல், லேசாக மயக்கம் கொடுத்து, சிங்க் (ஷாக்கை இதயத் துடிப்போடு ஒத்திசைக்கும் பொத்தான்) போட்டு ஷாக் கொடுங்கள். சீரான துடிப்புக்கு 100 ஜூல், இதயத்தின் மேலறைகள் தாறுமாறாக நடுங்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கு 200. பல கருவிகளில் ஒவ்வொரு ஷாக்குக்குப் பின்னும் சிங்க் தானாக அணைந்துவிடும். மறுபடி அழுத்தாவிட்டால் ஷாக், இதயம் அடுத்த துடிப்புக்குத் தயாராகும் நேரத்தைக் காட்டும் டி அலைமேல் விழுந்து, இருந்த நாடியும் போய்விடலாம்.

காய்ச்சல், ரத்தப்போக்கு, நீரிழப்பு இருந்தால் சைனஸ் துடிப்பா (இதயத்தின் இயல்பான தாளமே வேகமாவது) என்று பாருங்கள். வேகம் படிப்படியாக ஏறி இறங்கும், ஈ.சி.ஜி.யில் மேலறைத் துடிப்பைக் காட்டும் பி அலை தெளிவாக இருக்கும். இதற்கு ஷாக் வேண்டாம், மூல காரணத்தைக் கவனியுங்கள்.

நிலை சீராக இருந்தால் 12 லீட் ஈ.சி.ஜி. எடுத்து கீழறைத் துடிப்பைக் காட்டும் கியூ.ஆர்.எஸ். அலையின் அகலத்தை அளவிடுங்கள். மூன்று சிறு கட்டத்துக்குக் குறைவாக, துடிப்பும் சீராக இருந்தால் முதலில் வால்சால்வா (மூச்சை அடக்கி முக்கி, துடிப்பைத் தணிக்கும் முறை). பாதி சாய்ந்த நிலையில் 10 மி.லி. சிரிஞ்சின் பிஸ்டன் லேசாக அசையும்படி 15 வினாடி ஊதச் சொல்லுங்கள். ஊதி முடித்த கையோடு மல்லாக்கப் படுக்க வைத்து, கால்களை 45 டிகிரிக்குத் தூக்கி 15 வினாடி பிடியுங்கள். வெறுமனே முக்கச் சொல்வதைவிட இது நன்றாகவே பலிக்கிறது.

பலிக்காவிட்டால், துடிப்பு கடத்தப்படுவதைச் சில நொடி தடுக்கும் அடினோசின் 6 மி.கி., பிறகு 12. இது பத்து வினாடிக்குள் ரத்தத்தில் சிதைந்துவிடும். புறங்கையில் மெல்லிய ஊசி வழியே மெதுவாகச் செலுத்தினால் இதயத்தை எட்டுமுன்பே தீர்ந்துபோகும். மருந்து வேலை செய்யவில்லை என்று தோன்றுவது பெரும்பாலும் இதனால்தான். முழங்கை மடிப்பில் பெரிய ஊசி போடுங்கள். மருந்தைச் சட்டென்று தள்ளி, உடனே 20 மி.லி. சலைன் தள்ளி, கையை உயர்த்துங்கள். ஈ.சி.ஜி. காகிதம் ஓடிக்கொண்டே இருக்கட்டும். துடிப்பு மாறாவிட்டாலும், வேகம் தணியும் அந்தச் சில நொடிகளில் ஏட்ரியல் ஃப்ளட்டரின் (மேலறைகள் சீராக, மிக வேகமாகத் துடிப்பது) ரம்பப் பல் அலை தெரிந்துவிடும். நெஞ்சை அழுத்துவதுபோல் சில வினாடி இருக்கும் என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள், மிகவும் பயந்துபோவார்கள். ஆஸ்துமா இருந்தால் தவிருங்கள்.

கியூ.ஆர்.எஸ். அகன்ற, சீரான துடிப்பை வென்ட்ரிகுலர் டாக்கிகார்டியா (கீழறையிலிருந்தே எழும் வேகத் துடிப்பு) என்றே கொள்ளுங்கள்: அமியோடரோன் 150 மி.கி., 10 நிமிடத்தில். வேகத்தைக் குறைக்கும் இன்னொரு மருந்தான வெரபமில் இங்கே ஆபத்து. அகன்று, தாறுமாறாகவும் இருந்தால் அடினோசினும் கூடாது.

இயல்பான துடிப்பு திரும்பியதும் இன்னொரு ஈ.சி.ஜி. எடுங்கள். வேகத்தில் மறைந்திருந்த டெல்டா அலை (மேலறைக்கும் கீழறைக்கும் இடையே கூடுதல் மின்பாதை இருப்பதன் அடையாளம்) அதில்தான் அகப்படும்.