ஸ்தோத்திர ஜெபத்தில் நாம் தவறுகிற இடங்கள்

"ஆண்டவரே, நீர் செய்த எல்லா நன்மைகளுக்காகவும் ஸ்தோத்திரம்" என்று நன்றி சொல்லி ஆரம்பிக்கிறோம். அடுத்த மூச்சிலேயே விண்ணப்பங்களுக்குப் போய்விடுகிறோம். எந்த நன்மை என்று யாராவது நிறுத்திக் கேட்டால் சட்டென்று பதில் வராது. 136-ஆம் சங்கீதத்தில் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்பது 26 முறை வருகிறது. ஆனால் அதற்கு முன்னால் நிற்கும் காரணம் மாறிக்கொண்டே போகிறது: சூரியன், சந்திரன், பிளந்த கடல், கடந்த வனாந்தரம், கடைசியில் உயிருள்ள யாவுக்கும் கிடைக்கும் ஆகாரம். இரவு ஜெபத்தில் ஒரே ஒரு காரியத்தையாவது பெயர் சொல்லிப் பாருங்கள். "கோபத்தில் தட்டச்சு செய்த செய்தியை அனுப்பாமல் அழிக்க வைத்தீரே, அதற்காக ஸ்தோத்திரம்" என்று நான் ஒருநாள் சொன்னேன். அன்றைக்குத்தான் உண்மையாக ஜெபித்த மாதிரி இருந்தது.

இரண்டாவது தவறு, அடுத்தவரின் கஷ்டத்தைப் பார்த்து "நம்மை அப்படி வைக்கவில்லையே" என்று நன்றி சொல்வது. லூக்கா 18-இல், மதச் சட்டங்களைக் கண்டிப்பாகக் கைக்கொண்ட பரிசேயனின் ஜெபமும் ஸ்தோத்திரம்தான்: நான் இந்த ஆயக்காரனைப்போல் (வரி வசூலிக்கிறவனைப்போல்) இல்லை. நீதிமானாக்கப்பட்டு வீடு திரும்பியவனோ அந்த ஆயக்காரன்.

என்னை அதிகம் வருத்துவது மூன்றாவது. அப்பா இறந்த மூன்றாம் நாள் ஜெபிக்க வந்த ஒருவர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அழக் கூடாதும்மா, எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரம் பண்ணணும்" என்றார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு "ஸ்தோத்திரம்" என்றார். சத்தமே வரவில்லை. வந்தவர் நல்ல மனதோடுதான் சொன்னார். வசனமும் 1 தெசலோனிக்கேயர் 5:18-இல் இருப்பதுதான். ஆனால் அதை எழுதிய பவுலே ரோமர் 12:15-இல் "அழுகிறவர்களுடனே அழுங்கள்" என்றும் எழுதியிருக்கிறார். யோவான் 11-ஐத் திறந்து பாருங்கள். இறந்துபோன நண்பன் லாசருவின் கல்லறைக்கு முன்னால் இயேசு "பிதாவே, உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்" என்பது 41-ஆம் வசனம். அவர் கண்ணீர் விட்டது 35-ஆம் வசனம். அந்தக் கண்ணீரை யாரும் அவசரப்படுத்தித் துடைக்கவில்லை. 88-ஆம் சங்கீதமோ புலம்பலாகத் தொடங்கிப் புலம்பலாகவே முடிகிறது. அதையும் ஜெபமாகத்தான் வேதம் வைத்திருக்கிறது. துக்கத்தில் இருப்பவருக்கு நன்றி வார்த்தை தானாக வரும் நாள் வரும். அதுவரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும்.

இதைவிட மோசமான ஒன்றும் நடக்கிறது. வீட்டில் அடி வாங்குகிறவளிடம் "இதற்கும் நன்றி சொல்" என்கிறார்கள். அவளுக்கு முதலில் வேண்டியது பாதுகாப்பு. "தீமையை வெறுத்து" என்று ரோமர் 12:9 சொல்லும்போது, தீமைக்கு ஸ்தோத்திரம் சொல்லும்படி அவளிடம் எப்படிக் கேட்பது?

இன்னொன்று, தேவனுக்கு நன்றி சொல்லிவிட்டு மனிதரை விட்டுவிடுவது. கண்ணை மூடிச் சாப்பாட்டுக்கு ஜெபிப்போம். கண்ணைத் திறந்ததும் சமைத்தவரிடம் உப்பு குறைச்சல் என்போம். பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும் தன் உயிருக்காகத் தங்கள் கழுத்தையே கொடுத்தார்கள் என்று ரோமர் 16-இல் பவுல் பெயர் சொல்லி நன்றியோடு எழுதுகிறார். உங்களுக்காக ஜெபித்தவர், கடன் கொடுத்தவர், இரவெல்லாம் விழித்திருந்தவர் யாராவது உண்டா? ஆமென் சொன்னதும் அவருக்கு ஒரு போன் செய்யுங்கள்.