செர்ரோ ரிக்கோ சுரங்கத்துக்குள் செல்வது எப்படி?

பொலிவியாவின் பொத்தோசி நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரத்தில் இருப்பதால், வந்து இறங்கிய அன்றே, அதை ஒட்டி நிற்கும் செர்ரோ ரிக்கோ என்ற வெள்ளி மலைக்குக் கிளம்ப வேண்டாம். இரண்டு நாளாவது ஊருக்குள் மெதுவாக நடந்து மூச்சைப் பழக்குங்கள். தலைவலியோ குமட்டலோ நீடித்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

அந்த இரண்டு நாளில் பழைய நாணயசாலையைப் பார்த்துவிடுவது நல்லது. மலையின் வெள்ளியைத் தகடாக்கிய பிரம்மாண்டமான மரச் சக்கரங்கள் அங்கே இன்னும் நிற்கின்றன. கீழ்த்தளத்தில் கோவேறு கழுதைகள் சுற்றிச் சுற்றி நடந்து அவற்றைச் சுழற்றின. மாதாவின் ஆடையே மலையாக விரியும் ஓவியமும் அங்கேதான் இருக்கிறது. 1545இல் தொடங்கிய இந்த வெள்ளி வேட்டைக்காக, ‘மித்தா’ என்ற கட்டாய உழைப்பு முறையில் ஆந்தீஸ் மலைக் கிராமங்களிலிருந்து ஆட்கள் இழுத்துவரப்பட்டார்கள் என்பதை அறிந்தபின் மலையைப் பார்த்தால், அது வேறாகத் தெரியும்.

செர்ரோ ரிக்கோ காட்சிப்பொருள் அன்று, கூட்டுறவுச் சங்கங்களின் தொழிலாளர்கள் இன்றும் துத்தநாகமும் வெள்ளியும் வெட்டியெடுக்கும் வேலைத்தலம். ஆகவே வழிகாட்டியாக முன்னாள் சுரங்கத் தொழிலாளி ஒருவரைத் தேடுங்கள். சிறு குழுவாகச் செல்லுங்கள். வேடிக்கைக்காக டைனமைட் வெடித்துக் காட்டுகிறேன் என்பவரை நான் தவிர்த்துவிடுவேன், ஏனெனில் நூற்றாண்டுக்கணக்கில் குடைந்து பொள்ளலான மலை அது. 2011இல் உச்சியில் ஒரு பகுதி உள்வாங்கியது. 2014இல் யுனெஸ்கோ பொத்தோசியை அழியும் அபாயத்திலுள்ள பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. ஆஸ்துமா, இதய நோய், அடைபட்ட இடங்களைக் கண்டு அச்சம் உடையவர்கள் உள்ளே போகவே கூடாது.

போகும் வழியில் சுரங்கத் தொழிலாளர் சந்தையில், தொழிலாளர்களுக்குக் கொடுக்க அவர்கள் மெல்லும் கோக்கா இலை, குளிர்பானம், கையுறை ஆகியவற்றை வாங்கிக்கொள்ளுங்கள். வெறுங்கையோடு போவது மரியாதையாகாது. தலைக்கவசம், விளக்கு, பூட்ஸ் ஆகியவற்றை வழிகாட்டியே தருவார் என்றாலும், மூக்கையும் வாயையும் மூடத் தடித்த துணி ஒன்று உங்களிடம் இருக்கட்டும். தண்டவாளத்தில் தாதுவண்டியின் கடகட ஒலி கேட்டதும் சுவரோடு ஒட்டி நின்று வழிவிடுங்கள். பாரம் ஏறிய வண்டியைத் தள்ளிவரும் தொழிலாளர்களால் சட்டென்று நிறுத்த முடியாது.

ஒரு குகை மூலையில் ‘தியோ’ அமர்ந்திருப்பார்: கொம்பு வைத்த களிமண் உருவம், வாயில் சிகரெட், மடியிலும் காலடியிலும் காய்ந்த கோக்கா இலைகள். சுரங்கத்துக்குள் அதிகாரம் அவருடையது என்பது தொழிலாளர்களின் நம்பிக்கை. நீங்களும் ஒரு பிடி இலை தூவலாம். படம் எடுக்கும் முன் அனுமதி கேளுங்கள்.

வெளியே வந்ததும் முகத்துணியை உதறாமல் ஒரு பையில் கட்டிவைத்துத் தனியாகத் துவையுங்கள். தொழிலாளர்களின் நுரையீரலைத் தின்னும் சிலிக்கா தூசி அதில் படிந்திருக்கும்.