லாகின் ஆனதும் காணாமல் போகும் பாத்: சூழல் மாறிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கம் கல்லூரிப் பிள்ளைகளின் லேப்டாப்பில் விண்டோஸோடு உபுண்டு லினக்ஸும் இருப்பது இப்போது சாதாரணம். ஜாவா நிறுவும்போது ‘பாத்தில் இதைச் சேருங்கள்’ என்று யூடியூபில் சொல்வார்கள். பாத் ஒரு சூழல் மாறி, அதாவது நிரல்களுக்காகக் கணினி பெயர் போட்டு வைத்திருக்கும் மதிப்பு; கட்டளைகளை எந்தெந்த ஃபோல்டரில் தேட வேண்டும் என்பது அதில் இருக்கும். எந்தக் கோப்பில் என்பதை மட்டும் ஆளுக்கு ஒன்றாகச் சொல்வார்கள். எதற்கு வம்பு என்று நான்கு கோப்புகளிலும் அதே வரியை ஒட்டிவிட்டு, அப்புறம் உபுண்டுவே சரியில்லை என்பார்கள்.

லாகின் ஆகும்போது பாஷ் (நாம் அடிக்கும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல் நிரல்) முதலில் இடிசி ஃபோல்டரில் உள்ள பொதுவான ப்ரொஃபைலைப் படிக்கும். பிறகு நம் ஹோம் ஃபோல்டரில் பாஷ்_ப்ரொஃபைல், பாஷ்_லாகின், ப்ரொஃபைல் என்ற வரிசையில் தேடும். மூன்றுமே பெயருக்கு முன்னால் புள்ளி வைத்த மறைவான கோப்புகள். முதலில் கிடைப்பதைப் படித்துவிட்டு மற்றதை விட்டுவிடும். உபுண்டுவில் வழக்கமாக ப்ரொஃபைல் மட்டும்தான் இருக்கும். வீடியோவைப் பார்த்து பாஷ்_ப்ரொஃபைல் ஒன்றைப் புதிதாக உருவாக்கினீர்கள் என்றால், பழைய ப்ரொஃபைலை பாஷ் திரும்பிக்கூடப் பார்க்காது. பழைய ப்ரொஃபைல் கூப்பிட்டுக்கொண்டிருந்த பாஷ்ஆர்சியும் (டெர்மினலைத் திறக்கும்போது பாஷ் படிக்கும் கோப்பு) சேர்ந்து போச்சு. ஓசூரில் உட்கார்ந்து பெங்களூர் சர்வருக்குள் எஸ்எஸ்ஹெச் (தூரத்துக் கணினியில் லாகின் ஆக உதவுவது) வழியாக நுழைபவருக்கு இது நன்றாகத் தெரியும்: நேற்றுவரை இருந்த அலியாஸ் (கட்டளைக்கு வைத்த சுருக்கப் பெயர்) எதுவும் வேலை செய்யாது. சொந்த மெஷினில் டெர்மினலைத் திறந்தாலோ எல்லாம் ஒழுங்காக இருக்கும், ஏனென்றால் அந்த ஜன்னல் பாஷ்ஆர்சியை நேராகப் படிக்கிறது. இருக்கிற ப்ரொஃபைலிலேயே வரியைச் சேர்த்திருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது.

இதைவிட மோசமானது இடிசி ஃபோல்டரில் இருக்கும் என்விரான்மென்ட் கோப்பில் கை வைப்பது. அதில் பலர் எழுதும் வரி இது:

பாத்=$பாத்:/ஆப்ட்/ஜாவா/பின்

பார்க்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கோப்பு ஷெல் ஸ்கிரிப்ட் இல்லை. பெயர், சமக்குறி, மதிப்பு, அவ்வளவுதான் அதற்குத் தெரியும். டாலர் குறியைப் பிரித்துப் பழைய மதிப்பைப் போடாமல், எழுதியதை அப்படியே எடுத்துக்கொள்ளும். அடுத்த லாகினில் எல்எஸ் அடித்தால்கூட ‘கமாண்ட் நாட் ஃபவுண்ட்’. சில சமயம் டெஸ்க்டாப்பே வராமல் பாஸ்வேர்ட் திரைக்கே திரும்பிவிடும். ஃபார்மட் போடக் கிளம்ப வேண்டாம். கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் அழுத்தி எழுத்துத் திரையில் லாகின் செய்து, சுடோ (நிர்வாகி அதிகாரம் தருவது), நானோ (எழுத்துத் திரை எடிட்டர்) இரண்டையும் /யூஎஸ்ஆர்/பின்/ என்ற முழுப் பாதையோடு அடித்தால் கோப்பைத் திருத்திவிடலாம்.

சமக்குறியின் இருபுறமும் இடைவெளி விடாதீர்கள். எக்ஸ்போர்ட் போட மறந்தால் மாறி அந்த ஷெல்லோடு நின்றுவிடும், அதிலிருந்து தொடங்கும் நிரலுக்குப் போகாது. பாஷ்ஆர்சியில் அழகுக்காக எக்கோ (திரையில் எழுத்தைக் காட்டும் கட்டளை) வைத்து வணக்கம் சொல்லவைத்தால், வேறு கணினிக்குக் கோப்பை நகலெடுக்கும் எஸ்சிபி முரண்டு பிடிக்கலாம். வணக்கம் இல்லாமலேயே கணினி நன்றாக ஓடும்.

லாகின் கோப்பில் எழுதியது எல்லா இடத்துக்கும் போய்ச் சேரும் என்று நினைப்பதும் தவறு. மாங்கூழ் ஆலை ஒன்றில் சீசன் நேரத்தில் எடைமேடைக் கணக்கை இரவில் பேக்கப் எடுக்க க்ரானில் (குறித்த நேரத்தில் வேலையைத் தானாக ஓட்டும் நிரல்) ஒரு ஸ்கிரிப்ட் போட்டிருக்கிறார்கள் என்று வையுங்கள். பகலில் கையால் ஓட்டினால் ஓடும். இரவில் ஓடாது. ஹோம் ஃபோல்டரில் இருக்கும் ப்ரொஃபைலை க்ரான் படிப்பதில்லை. வேண்டிய மாறிகளை ஸ்கிரிப்டுக்குள்ளேயே எழுதுங்கள், நிரல்களுக்கு முழுப் பாதை கொடுங்கள். க்ரானின் வேலைப் பட்டியலான க்ரான்டேப்பின் தலையில் எழுதுவதானாலும் அங்கேயும் டாலர் குறி விரியாது.

விண்டோஸில் செட்எக்ஸ் கட்டளையால் பாத்தை நீட்டுபவர்கள் கவனிக்க வேண்டும்: 1024 எழுத்துக்கு மேல் போனால் மீதியை வெட்டிவிடும். சிஸ்டம் ப்ராப்பர்டீஸில் போய்ச் சேர்ப்பதே நல்லது. ஏற்கெனவே திறந்திருக்கும் ஜன்னலில் மாற்றம் தெரியாது, புதிதாக ஒன்றைத் திறந்து பாருங்கள்.

லினக்ஸிலும், கோப்பை உடனே மறுபடி படிக்கவைக்கும் சோர்ஸ் கட்டளை அந்த ஒரு டெர்மினலுக்கு மட்டும்தான். மெனுவிலிருந்து திறக்கும் எடிட்டருக்கும் புது மதிப்பு வேண்டுமென்றால் லாக்அவுட் செய்துதான் வர வேண்டும். அதற்கு முன் இருக்கும் டெர்மினலை மூடாமல், இன்னொன்றில் எஸ்யூ கட்டளைக்குப் பின் ஒரு சிறு கோடும் (-) உங்கள் பயனர் பெயரும் போட்டு நுழைந்து, எக்கோவில் பாத்தைப் பாருங்கள். கோளாறு இருந்தால் திருத்த முதல் டெர்மினல் கையில் இருக்கும்.