சீஷத்துவமும் தேவனுடைய ராஜ்யமும்: எட்டு வாரம் குழுவாக உட்கார்ந்து படிப்பது எப்படி

நான் முதன்முதலில் நடத்திய வேதபாடக் குழு ஐந்தே வாரத்தில் கலைந்துபோனது. காரணம் நான்தான். ஒரு மணி நேரக் கூடுகையில் முக்கால் மணி நேரம் நானே பேசினேன், கடைசியில் "யாருக்காவது கேள்வி இருக்கிறதா?" என்று கேட்டேன், யாருக்கும் இல்லை, ஜெபம் பண்ணிவிட்டுக் கிளம்பினோம். தலைப்பு என்ன தெரியுமா, சீஷத்துவம். சீஷன் என்றால் கற்றுக்கொள்கிறவன் என்று முதல் வாரமே விளக்கம் சொல்லிவிட்டு, அடுத்த நான்கு வாரமும் ஒருவரையும் எதையும் கற்றுக்கொள்ள விடவில்லை. அதற்கப்புறம் நடத்திய குழுக்களில் எது ஓடியது, எது படுத்தது என்று பார்த்துப் பார்த்துத் தேறியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். சீஷத்துவத்தையும் தேவனுடைய ராஜ்யத்தையும் இரண்டு தனித் தலைப்புகளாகப் பிரிக்காதீர்கள். சீஷத்துவத்தை மட்டும் எடுத்தால் இரண்டாம் வாரத்துக்குள் அது ஒரு ஒழுங்குப் பட்டியலாகிவிடும். தினமும் ஜெபித்தாயா, தினமும் வாசித்தாயா என்று ஒருவரை ஒருவர் கணக்குக் கேட்பதில் வந்து நிற்கும். ராஜ்யத்தை மட்டும் எடுத்தால் யாராவது ஒருவர் கண்டிப்பாக வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்துக்குக் கொண்டுபோய், மிருகம், முத்திரை, ஆயிரவருஷம் என்று ஆரம்பித்துவிடுவார், அப்புறம் திரும்பி வரவே முடியாது. மாற்கு சுவிசேஷம் இரண்டையும் ஒட்டித்தான் வைத்திருக்கிறது. 1:15-ல் இயேசு "தேவனுடைய ராஜ்யம் சமீபமாயிற்று" என்கிறார், அடுத்த வசனத்திலேயே கடலோரமாய் நடந்துபோகிறார், அதற்கடுத்த வசனத்தில் "என் பின்னே வாருங்கள்". ராஜாவைப் பற்றிய செய்தி முதலில், பின்னே போவது அதற்குப் பதில். இந்த வரிசை குழுவுக்குப் பிடிபட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இன்னொரு இடத்தையும் பாருங்கள். "தன்னைத்தான் வெறுத்து, தன் சிலுவையை எடுத்துக்கொண்டு" என்ற வசனம் மாற்கு 8:34. அந்தப் பேச்சு 8:38-ல் முடிவதாக நினைத்து நாம் நிறுத்திவிடுகிறோம், ஏனென்றால் அதோடு அதிகாரம் முடிகிறது. ஆனால் பேச்சின் தொடர்ச்சி 9:1-ல் இருக்கிறது, "தேவனுடைய ராஜ்யம் பலத்தோடே வருவதைக் காணுமுன்" என்று. அதிகாரப் பிரிவு 13-ம் நூற்றாண்டில் வந்தது, வசன எண்கள் 1551-ல் வந்தன. மாற்கு எழுதியபோது இரண்டுமே கிடையாது. சிலுவை ஒரு அதிகாரத்திலும் ராஜ்யம் அடுத்த அதிகாரத்திலும் போய் உட்கார்ந்துவிட்டதால் நாமும் பிரித்தே படித்துவிட்டோம்.

அதனால் ஒரு சின்ன ஏற்பாடு. அந்த வாரப் பகுதியை அதிகார எண், வசன எண், நடுவில் வரும் துணைத்தலைப்புகள் எதுவும் இல்லாமல் தட்டச்சு செய்து, வரிகளுக்கு நடுவே இடம் விட்டு, ஆளுக்கு ஒரு தாள் கொடுங்கள், கூடவே ஒரு பென்சிலும். இதில் நேரம் போகும்தான், ஆனால் நான் செய்த ஏற்பாடுகளிலேயே அதிகம் பலன் தந்தது இதுதான். பல வருஷமாகத் தெரிந்த பகுதியையே ஆட்கள் புதிதாகப் பார்ப்பதுபோல் குனிந்து வாசிப்பார்கள்.

எத்தனை பேர்? ஆறிலிருந்து எட்டு பேர் போதும். பன்னிரண்டைத் தாண்டினால் நான்கு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் கேட்பார்கள், இரண்டாகப் பிரித்துவிடுங்கள். வட்டமாக உட்காருங்கள், நடத்துகிறவர் மேசைக்குப் பின்னால் போய் உட்கார வேண்டாம். நேரம் ஒன்றேகால் மணி, ஒருவர் வந்தாலும் வராவிட்டாலும் சொன்ன நேரத்துக்கு ஆரம்பித்து சொன்ன நேரத்துக்கு முடியுங்கள்.

மொழிபெயர்ப்பு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் தமிழில் படிக்கிற நமக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. நம்மில் பலர் கையில் இருக்கும் பழைய மொழிபெயர்ப்பில் "தேவனுடைய ராஜ்யம்", மத்தேயுவில் பெரும்பாலும் "பரலோகராஜ்யம்". 1995-ல் வந்த திருவிவிலியத்தில் "இறையாட்சி", "விண்ணரசு". ராஜ்யம் என்றதும் மனதில் எல்லையும் மதிலும் உள்ள ஒரு நாடு வருகிறது. ஆட்சி என்றால் ஒருவர் ஆளுகிறார் என்ற செயல் வருகிறது. கிரேக்கத்தில் இருக்கும் பசிலேயா என்ற சொல்லுக்கு இரண்டு பொருளும் உண்டு, ஆனால் இயேசு பேசுகிற பல இடங்களில் ஆளுகை என்ற பொருள்தான் முன்னால் நிற்கிறது. அதனால் இரண்டு மொழிபெயர்ப்புகளையும் கொண்டுவரச் சொல்லி ஒன்றன்பின் ஒன்றாக வாசியுங்கள். பரலோகராஜ்யம் வேறு, தேவனுடைய ராஜ்யம் வேறு என்று யாராவது சொன்னால் மத்தேயு 19:23-ஐயும் 24-ஐயும் காட்டுங்கள், அடுத்தடுத்த வசனத்தில் இரண்டு சொல்லும் ஒரே விஷயத்துக்கு வருகின்றன.

லூக்கா 17:21 இன்னும் சுவாரசியம். "தேவனுடைய ராஜ்யம் உங்களுக்குள் இருக்கிறதே." உள்ளத்துக்குள்ளா, உங்கள் நடுவிலா என்று கிரேக்கச் சொல்லை வைத்து அறிஞர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். தமிழில் "உங்களுக்குள்" என்பதே அந்த இரண்டையும் தாங்குகிறது. "உங்களுக்குள் சண்டை வேண்டாம்" என்றால் யாரும் இருதயத்துக்குள் நடக்கும் சண்டையை நினைப்பதில்லை. அந்த வசனம் இயேசுவோடு வாதாடிக்கொண்டிருந்த யூத மதப்பிரிவினரான பரிசேயருக்குச் சொல்லப்பட்டது என்பதையும் குழு கவனிக்கட்டும், அப்புறம் எந்தப் பொருள் பொருந்துகிறது என்று அவர்களே பேசிக்கொள்ளட்டும். நான் "நடுவில்" என்ற பக்கம்தான், ஆனால் அதைக் கடைசியில்தான் சொல்வேன்.

சரி, எட்டு வாரத்துக்கு எதைப் படிப்பது? முதல் வாரம் மாற்கு 1:14-20. இரண்டாம் வாரம் மாற்கு 4:1-34, விதை உவமைகள். அதில் 26 முதல் 29 வரை உள்ள சின்ன உவமையைத் தவறவிடாதீர்கள், அது மாற்குவில் மட்டும்தான் இருக்கிறது, விதைத்தவன் தூங்கி எழுந்துகொண்டிருக்க "அவனுக்குத் தெரியாதவிதமாய்" விதை முளைக்கிறது. ஊழியத்தில் ஓடி ஓடிக் களைத்தவர்கள் அந்த இடத்தில் பெருமூச்சு விடுவதைப் பார்த்திருக்கிறேன். மூன்றாம் வாரம் லூக்கா 9:57-62, பின்பற்ற நினைத்த மூன்று பேர். அவர்கள் கடைசியில் போனார்களா இல்லையா என்று லூக்கா சொல்லவே இல்லை, அதைக் குழுவே கண்டுபிடிக்கட்டும்.

நான்கு முதல் ஏழு வரை மாற்கு 8:22 தொடங்கி 10:52 வரை. இதுதான் மொத்தப் படிப்பின் நெஞ்சு. இந்தப் பகுதி பெத்சாயிதாவில் ஒரு குருடன் பார்வையடைவதில் ஆரம்பித்து, எரிகோவில் பர்திமேயு பார்வையடைவதில் முடிகிறது. நடுவில் மூன்று தடவை இயேசு தம் பாடுகளை முன்னறிவிக்கிறார், மூன்று தடவையும் சீஷர்கள் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள்: பேதுரு கடிந்துகொள்கிறான், பன்னிருவரும் யார் பெரியவன் என்று வழியில் தர்க்கம் பண்ணுகிறார்கள், யாக்கோபும் யோவானும் வலதுபக்கமும் இடதுபக்கமும் இடம் கேட்கிறார்கள். பெத்சாயிதா குருடன் முதல் தடவை கைவைத்தபோது மனுஷரை நடக்கிற மரங்களைப்போலப் பார்த்தான் அல்லவா, சீஷர்களும் அந்த நிலையில்தான் இருக்கிறார்கள். நான்காம் வாரம் 8:22-9:1, ஐந்தாவது 9:30-37, ஆறாவது 10:17-31, ஏழாவது 10:32-52 என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் வாரத்தில் ஒரே ஒரு கேள்வி போதும்: இயேசு இந்தப் பகுதியில் ஒரே கேள்வியை இரண்டு தடவை கேட்கிறார், எங்கே? தேடவிடுங்கள். 36-ல் செபெதேயுவின் மகன்களான யாக்கோபு, யோவானிடமும், 51-ல் பர்திமேயுவிடமும், என்ன செய்யவேண்டும் என்று கேட்கிறார். ஒரு பக்கம் சிங்காசனம் கேட்கிறார்கள், இன்னொரு பக்கம் பார்வை கேட்கிறான். யார் "வழியிலே" பின்சென்றது என்று பார்க்கச் சொல்லுங்கள். நேரம் இருந்தால் 15:27-க்குப் போய், கடைசியில் சிலுவையில் இயேசுவின் வலதுபக்கத்திலும் இடதுபக்கத்திலும் இருந்தது யார் என்று வாசியுங்கள். அதற்கப்புறம் விளக்கம் எதுவும் தேவைப்படாது.

எட்டாம் வாரம் மத்தேயு 20:1-16. திராட்சத்தோட்டத்தில் காலையிலிருந்து உழைத்தவனுக்கும் கடைசி ஒரு மணி நேரம் வந்தவனுக்கும் ஒரே ஒரு பணம் கூலி. ஏழு வாரம் விலை கொடுப்பதைப் பற்றிப் பேசிய குழுவுக்கு இது அவசியம், இல்லாவிட்டால் நாம் ஏதோ சம்பாதித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவோம்.

ஒவ்வொரு கூடுகையும் எப்படிப் போக வேண்டும் என்றால், முதல் பத்து நிமிடம் போன வாரம் எடுத்த தீர்மானம் என்ன ஆயிற்று என்று கேட்பது. அடுத்து பகுதியை இரண்டு தடவை, இரண்டு குரலில், சத்தமாக வாசிப்பது. பிறகு "என்ன இருக்கிறது?" என்பதற்கு இருபது நிமிடம், "இதற்கு என்ன பொருள்?" என்பதற்கு இருபது நிமிடம், மீதி "நாம் என்ன செய்யப் போகிறோம்?" என்பதற்கும் ஜெபத்துக்கும். முதல் இருபது நிமிடத்தில் யாரும் பொருள் சொல்லக்கூடாது. யார் பேசுகிறார்கள், எங்கே நிற்கிறார்கள், எந்தச் சொல் திரும்பத் திரும்ப வருகிறது, அவ்வளவுதான். இந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தினால் பிரசங்கம் உள்ளே வந்துவிடும்.

ஒரு மாலை நடந்ததைச் சொல்கிறேன். மாற்கு 10, உனக்குண்டானவற்றை விற்றுத் தரித்திரருக்குக் கொடுத்துவிட்டு என்னைப் பின்பற்றி வா என்று இயேசு சொன்னதும் துக்கத்தோடே போய்விட்ட ஆஸ்தியுள்ள அந்த மனுஷன். வாசித்து முடித்தவுடனே ஒரு அண்ணன், "இது பணக்காரங்களுக்குச் சொன்னது, நமக்கு இல்லை" என்றார், எல்லாரும் சிரித்தார்கள், எனக்கு உடனே பதில் சொல்ல வாய் துடித்தது. சொல்லாமல், "தாளில் இயேசு செய்கிற ஒவ்வொரு செயலையும் கோடு போடுங்கள்" என்றேன். கொஞ்ச நேரம் பென்சில் சத்தம் மட்டும். அதுவரை மூன்று வாரமாக வாயே திறக்காத ஒரு அக்கா, "அவனிடத்தில் அன்புகூர்ந்து என்று போட்டிருக்கே, விற்றுவிடு என்று சொல்வதற்கு முன்னாலேயே" என்றார். மத்தேயுவும் லூக்காவும் இதே சம்பவத்தைச் சொல்கிறார்கள், ஆனால் அந்தச் சொல் மாற்குவில்தான் இருக்கிறது. சிரித்த அண்ணன் கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்போ அவன் போனபோது அவருக்கும் கஷ்டமாத்தான் இருந்திருக்கும்" என்றார். நான் பேசியிருந்தால் அது வந்திருக்காது.

அதனால் கேள்வி கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். மௌனம் சங்கடமாக இருக்கும், இருக்கட்டும். ஆம், இல்லை என்று முடிகிற கேள்வியையும், "இயேசு", "விசுவாசம்", "ஜெபம்" என்று கண்ணை மூடிக்கொண்டு பதில் சொல்லக்கூடிய கேள்வியையும் தவிருங்கள். "நாம் எல்லாவற்றையும் விட்டுப் பின்பற்ற வேண்டுமா?" என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள். "செபெதேயுவைப் படகில் விட்டுவிட்டுப் போனார்களே, அந்தத் தகப்பன் வீட்டுக்குப் போய் மனைவியிடம் என்ன சொல்லியிருப்பார்?" என்று கேட்டுப் பாருங்கள்.

ஒத்தவாக்கியம், அதாவது வேறு புத்தகங்களில் இதேபோல் வரும் வசனம், தேடி ஓடுகிற பழக்கமுள்ளவர் எல்லாக் குழுவிலும் ஒருவர் இருப்பார். "இதே மாதிரி எரேமியாவில்..." என்று ஆரம்பிக்கும்போது, "அதைத் தாளின் ஓரத்தில் குறித்துவையுங்கள் பிரதர், கடைசியில் பார்க்கலாம்" என்று சொல்லுங்கள். அதிகம் பேசுகிறவரை அடக்க நான் கண்ட வழி, அவரையே நேரம் பார்க்கச் சொல்வது. விளக்கவுரையை வீட்டில் வாசித்துவிட்டு வாருங்கள், கூடுகையில் திறக்காதீர்கள்.

சிலுவை என்ற சொல்லில் மட்டும் ரொம்பக் கவனம். குடிகாரக் கணவனையோ தீராத நோயையோ "இது என் சிலுவை" என்று சொல்லிப் பழகியிருக்கிறோம். மாற்கு 8-ல் அது இயேசுவினிமித்தமும் சுவிசேஷத்தினிமித்தமும் தானாக எடுத்துக்கொள்வது. ரோமர் காலத்தில் அந்த மரத்தைச் சுமந்தவன் கொலைக்களத்துக்குப் போகிறவன், அவ்வளவு பச்சையான சொல். வீட்டில் அடி வாங்குகிற ஒருத்தியிடம் இந்த வசனத்தைக் காட்டிப் பொறுத்துக்கொள்ளச் சொல்வது வசனத்தைத் திரிப்பது, நடத்துகிறவர் அந்த இடத்தில் சும்மா இருக்கக்கூடாது. அப்படி யாராவது மனம் திறந்தால் கூடுகை முடிந்ததும் தனியாகப் பேசி, உண்மையான உதவி கிடைக்கும் இடத்துக்குக் கூட்டிப்போங்கள். மற்றபடி குழுவில் சொன்னது குழுவோடு நிற்கட்டும், ஜெபக்குறிப்பு என்ற பெயரில்கூட வெளியே போகக்கூடாது.

தீர்மானம் எடுப்பதில் "இன்னும் அதிகமாக நேசிப்பேன்" மாதிரியானவற்றை ஏற்காதீர்கள். யாரிடம், என்றைக்கு, என்ன. "வியாழக்கிழமைக்குள் தம்பிக்குப் போன் பண்ணுவேன்" என்றால் அடுத்த வாரம் கேட்கலாம். பண்ணவில்லை என்றால் திட்டவும் வேண்டாம், "என்ன தடுத்தது?" என்று கேளுங்கள், பல நேரம் அந்தப் பதிலில்தான் உண்மையான பாடம் ஆரம்பிக்கிறது.

நடத்துகிற பொறுப்பை ஐந்தாம் வாரத்திலிருந்து மாற்றி மாற்றிக் கொடுங்கள். கொடுத்துவிட்டு, அவர் தடுமாறும்போது நடுவில் புகுந்து காப்பாற்றாதீர்கள். எனக்கு இன்னும் கஷ்டமாக இருப்பது இதுதான், அந்த வாரங்களில் கேள்வித்தாளை அவர் கையில் கொடுத்துவிட்டு நான் கதவுப் பக்கமாகக் கடைசி நாற்காலியில் போய் உட்கார்ந்துகொள்கிறேன்.