நாயோடு சேர்ந்து நாய்ப் படம்: தொடங்கும் முன்

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் முதலில் 'ஓ மை டாக்' (2022) போடுங்கள். பார்வையில்லாத ஒரு ஹஸ்கி குட்டியும் அதை வளர்க்கும் சிறுவனும்தான் கதை. விஜயகுமார், அருண் விஜய், அர்னவ் என ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறையும் நடித்திருக்கிறது. கொஞ்சம் சினிமாத்தனம் உண்டு, பிள்ளைகளுக்கு அதெல்லாம் உறுத்தாது.

'777 சார்லி' நல்ல படம்தான். ஆனால் இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் ஓடும், கடைசியில் அழ வைத்துவிடும். தூங்கப்போகும் நேரத்தில் வேண்டாம், ஞாயிறு மதியம் பாருங்கள்.

இனி உங்கள் வீட்டு நாய். படத்துக்கு முன் ஒரு நடை கூட்டிப்போய் வந்தால் பாதிப் பிரச்சினை தீரும். திரையில் குரைப்புச் சத்தம் வந்ததும் காது விடைத்து, டிவிக்குப் பின்னால் போய் முகர்ந்து தேடும். பதிலுக்குக் குரைக்கவும் செய்யும். நம்மைவிடப் பலமடங்கு கூர்மையான காது அதற்கு. ஹோம் தியேட்டரை அலறவிடாமல், சத்தத்தைக் குறைத்து வையுங்கள். மிரண்டால் அடுத்த அறைக்குப் போக கதவு திறந்திருக்கட்டும், பிடித்து உட்கார வைக்காதீர்கள்.

தட்டில் இருப்பதிலும் கவனம் தேவை. சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை மூன்றும் நாய்க்கு விஷம். மிக்சரில் திராட்சை கிடக்கும், பக்கோடாவில் வெங்காயம், அதுவும் ஆகாது. உப்பும் வெண்ணெயும் சேர்க்காத பாப்கார்ன் நாலைந்து கொடுக்கலாம், பொரியாத சோளம் இல்லாமல் பார்த்து.