பள்ளிக் குழுவிலிருந்து பெற்றோருக்கு ஒரு கடிதம்: முதல் தடவை எழுதுபவர்களுக்கு

தொடக்கப் பள்ளியின் நிர்வாகக் குழுவில் புதிதாகச் சேர்ந்தவர் தலையில் சீக்கிரமே வந்து விழும் வேலை இது: "இந்தப் பருவத்தில் பள்ளியில் என்ன நடந்தது, அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்று பெற்றோருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள்." ஒரு பக்கம்தானே என்று தோன்றும். எழுத உட்கார்ந்தால் எங்கே ஆரம்பிப்பது என்றே பிடிபடாது.

நான் எழுதிய முதல் கடிதம் இரண்டு பக்கம். ஆண்டு விழா, போட்டிகளில் கிடைத்த பரிசுகள், நன்றி, வாழ்த்து என்று நிறைத்திருந்தேன். மறுநாள் பள்ளி வாசலில் ஒரு அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "முழுசாப் படிச்சேங்க. போன தடவை குடிதண்ணிக் குழாய மாத்துறோம்னு சொல்லியிருந்தீங்களே, அது என்னாச்சு?" குழாய் மாறவில்லை. அதற்குக் காரணமும் இருந்தது. ஆனால் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அன்றிலிருந்து நான் எழுதும் எந்தக் கடிதமும் போன கடிதத்தில் சொன்னதிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. கீழே உள்ள படிகளில் வேறு எதை விட்டாலும் முதல் படியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

படி 1: போன கடிதத்தைத் தேடி எடுங்கள்

கடிதம் போகவேண்டிய நாளுக்கு இரண்டு வாரம் முன்பே தொடங்குங்கள். போன கடிதத்தையும், அதற்குப் பிறகு நடந்த குழுக் கூட்டங்களின் தீர்மான நோட்டையும் எதிரே வைத்துக்கொள்ளுங்கள். "செய்வோம்" என்று எழுதியிருந்த ஒவ்வொன்றையும் ஒரு தாளில் வரிசையாக எழுதி, பக்கத்தில் மூன்றில் ஒரு சொல் போடுங்கள்: முடிந்தது, நடக்கிறது, நடக்கவில்லை.

"நடக்கவில்லை" என்பதற்கு நேரே காரணத்தை ஒரே வரியில் எழுதுங்கள். "தவிர்க்க முடியாத காரணங்களால்" என்று எழுதவே வேண்டாம். அதைப் படிப்பவருக்கு எதுவும் தெரியவராது. "இரண்டு பேரிடம் விலைப்புள்ளி கேட்டோம், ஒருவர்தான் கொடுத்தார், இரண்டாவது வந்த பிறகே வேலையைக் கொடுக்க முடியும்" என்றால் எந்தப் பெற்றோருக்கும் புரியும்.

முந்தைய கடிதமே கிடைக்கவில்லையா? சரி, கடைசிக் கூட்டத்தின் தீர்மானங்களிலிருந்து தொடங்குங்கள். இந்தத் தடவை எழுதுவதை ஒரு கோப்பில் பத்திரப்படுத்துங்கள்.

படி 2: எண்களை வாங்குங்கள், வாங்கியதை அப்படியே போடாதீர்கள்

தலைமையாசிரியரிடம் மூன்று விவரம் போதும்: எத்தனை பிள்ளைகள் படிக்கிறார்கள், வருகை எப்படி இருக்கிறது, வாசிப்பிலும் கணக்கிலும் எந்த நிலையில் இருக்கிறார்கள். இதற்கு மேல் கேட்டால் ஆசிரியர்களுக்கு வேலை கூடும், கடிதமும் நீளும்.

வருகையில்தான் புதியவர்கள் தடுமாறுவார்கள், அதனால் ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம். ஒரு பள்ளியில் 84 பிள்ளைகள், மாதத்தில் 20 வேலை நாள் என்று வையுங்கள். எல்லோரும் எல்லா நாளும் வந்தால் 84 × 20 = 1,680 வருகை. பதிவேட்டைக் கூட்டினால் 1,512 வருகிறது. 1,512ஐ 1,680ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால் 90 சதவீதம். "நம் பள்ளியின் வருகை 90 சதவீதம்" என்று எழுதிவிடலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கும்.

இப்போது வராத 168 நாள்களைப் பிரித்துப் பாருங்கள். 12 பிள்ளைகள் ஒரு நாள்கூட விடவில்லை. 60 பிள்ளைகள் ஆளுக்கு ஒரு நாள் வரவில்லை, அது 60 நாள். மீதி 108 நாளும் வெறும் 12 பிள்ளைகளுடையது. ஆளுக்கு 9 நாள், அதாவது மாதத்தில் ஏறக்குறைய பாதி. 90 சதவீதம் என்ற எண்ணுக்குப் பின்னால் அந்தப் பன்னிரண்டு பேரும் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறார்கள். குழு கவலைப்பட வேண்டியதும், பெற்றோரின் உதவியைக் கேட்க வேண்டியதும் அவர்களுக்காகத்தான். ஆகவே கடிதத்தில் இப்படி எழுதலாம்: "பெரும்பாலான பிள்ளைகள் தவறாமல் வருகிறார்கள். 12 பிள்ளைகள் மாதத்தில் 9 நாள் வரவில்லை. அவர்கள் வீட்டாரோடு ஆசிரியர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். போக்குவரத்தோ உடல்நலமோ தடையாக இருந்தால் எங்களிடம் சொல்லுங்கள்."

சதவீதத்தில் இன்னொரு கண்ணியும் உண்டு. எட்டுப் பேர் உள்ள வகுப்பில் ஒரு பிள்ளை என்பதே 12.5 சதவீதம். "வாசிப்பில் 25 சதவீதம் முன்னேற்றம்" என்று பெருமையாக எழுதினால், உண்மையில் இரண்டு பிள்ளைகள் முன்னேறியிருக்கிறார்கள். அந்த இரண்டு பேரின் உழைப்பு பெரிதுதான், ஆனால் அதை இரண்டு பேர் என்றே சொல்லுங்கள். சின்னப் பள்ளிகளில் நான் சதவீதத்தைத் தொடுவதே இல்லை.

வாசிப்பைப் பற்றி எழுதும்போது "தரநிலை 2" போன்ற பள்ளிக்குள் புழங்கும் சொற்களை விட்டுவிடுங்கள். பிள்ளையால் என்ன செய்ய முடிகிறது என்று சொன்னால் போதும். எளிய கதை ஒன்றைத் தானே படித்துப் புரிந்துகொள்ளும் திறமை பத்து வயதுக்குள் வந்திருக்க வேண்டும் என்பதை உலக வங்கி 2019 முதல் ஒரு அளவுகோலாகவே வைத்திருக்கிறது. நமக்கும் அது வசதியான அளவு: "மூன்றாம் வகுப்பில் 16 பேரில் 11 பேர் அரைப் பக்கக் கதையைத் தாங்களே படித்து, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறார்கள். பருவத் தொடக்கத்தில் 7 பேர்." பழைய எண்ணும் புதிய எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் முன்னேற்றம் தெரியும்.

படி 3: பணத்தைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லுங்கள்

பல குழுக்கள் தயங்கும் இடம் இது. கணக்கில் தப்பு இருக்கிறது என்றுகூட இல்லை, "கேள்வி வருமே" என்ற பயம்தான்.

உகாண்டாவில் நடந்ததை இங்கே சொல்லியே ஆக வேண்டும். 1991 முதல் 1995 வரை அங்கே தொடக்கப் பள்ளிகளுக்கு மத்திய அரசு ஒதுக்கிய மாணவர் மானியத்தில் சராசரியாக 13 சதவீதம்தான் பள்ளிகளுக்குப் போய்ச் சேர்ந்தது என்று ஓர் ஆய்வில் தெரியவந்தது. அதன் பிறகு எவ்வளவு பணம் அனுப்பப்படுகிறது என்பதை அரசு செய்தித்தாள்களில் வெளியிட்டது. பள்ளிகளும் வந்த தொகையைத் தங்கள் சுவரில் ஒட்டின. 2001இல் 80 சதவீதத்துக்கும் மேல் வந்து சேர்ந்தது. வேறு சீர்திருத்தங்களும் கூடவே நடந்தன என்றாலும், பெற்றோர் படிக்கும் இடத்தில் தொகையை எழுதி வைத்ததற்கு அதில் முக்கியப் பங்கு உண்டு.

நீங்கள் செய்ய வேண்டியது நான்கே வரி: போன பருவக் கையிருப்பு, இந்தப் பருவ வரவு, செலவு, இப்போதைய கையிருப்பு. முதல் இரண்டையும் கூட்டி மூன்றாவதைக் கழித்தால் நான்காவது வர வேண்டும். வராவிட்டால் கடிதத்தை அனுப்பாமல் பொருளாளரோடு உட்காருங்கள். வேலை முடிந்தும் இன்னும் கொடுக்காத பணம் இருந்தால் அதையும் கீழே ஒரு வரியாகப் போடுங்கள், இல்லாவிட்டால் கையிருப்பு உண்மையைவிடப் பெரிதாகத் தெரியும்.

படி 4: திட்டங்களைத் தரம் பிரியுங்கள்

கூட்டத்தில் யாரோ "ஒரு நூலக அறை கட்டினால் நல்லா இருக்கும்" என்று சொல்லியிருப்பார். அது கடிதத்தில் "நூலக அறை கட்டப்படும்" என்று ஏறிவிடும். அடுத்த பருவம் வாசலில் நின்று பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

ஒவ்வொரு திட்டத்துக்கும் முன்னால் அது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று எழுதுங்கள்: முடிவானது, அனுமதிக்குக் காத்திருக்கிறது, யோசனை மட்டும். முடிவானதற்கு மட்டும் பொறுப்பாளர் யார், எந்தத் தேதிக்குள் என்று சேருங்கள். "விரைவில்" என்ற சொல் வந்தால் அடித்துவிட்டு ஒரு மாதத்தின் பெயரை எழுதுங்கள். மாதம் சொல்ல முடியவில்லை என்றால் அது இன்னும் யோசனைதான், அந்த இடத்துக்கு நகர்த்திவிடுங்கள். மூன்று நான்கு திட்டத்துக்கு மேல் வேண்டாம்.

படி 5: பிள்ளைகளின் அடையாளத்தைக் காப்பாற்றுங்கள்

வருகை, மதிப்பெண், உடல்நலம், வீட்டு நிலைமை பற்றிப் பேசும் எந்த வரியிலும் பெயர் வேண்டாம். பெயர் இல்லாமலே அடையாளம் தெரிந்துவிடும் வரிகளும் உண்டு. "இரண்டாம் வகுப்பில் ஒரு பிள்ளைக்கு இன்னும் எழுத்துகள் தெரியவில்லை" என்றால் அந்த வகுப்புப் பெற்றோர் எல்லோருக்கும் யார் என்று தெரியும். அந்தப் பிள்ளையின் காதுக்கும் அது போகும். ஐந்து பேருக்குக் குறைவான கூட்டத்தைத் தனியாகக் குறிப்பிடாமல் இரண்டு வகுப்புகளைச் சேர்த்துச் சொல்லுங்கள். குழந்தைக்கும் அந்தரங்கம் உண்டு என்று 1989இல் நிறைவேறிய ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 16ஆவது பிரிவே சொல்கிறது. புகைப்படம் போடுவதானால் வீட்டாரின் சம்மதம் எழுத்தில் இருக்கட்டும்.

படி 6: இப்போது எழுதுங்கள்

இவ்வளவு ஆன பிறகு எழுதுவது அரை மணி நேர வேலை. ஒரே பக்கம், 250 சொல்லுக்குள். வரிசை: போன தடவை சொன்னது, பிள்ளைகளின் நிலை, பணம், அடுத்த திட்டம், உங்களிடம் கேட்பது. ஒரு பத்தியை இரண்டு விதமாகக் காட்டுகிறேன்.

முதலில் எழுதியது: "மாணவர்களின் நலன் கருதி குடிநீர் வசதியை மேம்படுத்துவதற்கான நடவடிக்கைகள் மேற்கொள்ளப்பட்டு வருகின்றன என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்."

திருத்தியது: "நான்கு குடிநீர்க் குழாய்களையும் மாற்றுவதாகப் போன கடிதத்தில் சொல்லியிருந்தோம். இரண்டு மாறிவிட்டன. மற்ற இரண்டுக்கும் சுவரை உடைக்க வேண்டியிருப்பதால் விடுமுறையில் செய்கிறோம். அதுவரை பிள்ளையிடம் தண்ணீர் பாட்டில் கொடுத்தனுப்புங்கள்."

இரண்டாவதில் எத்தனை, எப்போது, ஏன், பெற்றோர் என்ன செய்ய வேண்டும் என்ற நான்கும் இருக்கின்றன. எழுதி முடித்ததும் குழுவில் இல்லாத ஒரு பெற்றோரிடம் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அவர் எங்கே தடுக்கி நின்றாலும் அந்த வரியை மாற்றுங்கள். அப்புறம் தலைமையாசிரியரும் குழுத் தலைவரும் பார்த்துக் கையெழுத்துப் போடட்டும்.

படி 7: வீடு வரை கொண்டு சேருங்கள்

பிள்ளையின் பையில் வைக்கும் தாள் பாதி நேரம் பையின் அடியில் கசங்கிக் கிடக்கும். தாளோடு இன்னொரு வழியும் வேண்டும். வாட்ஸ்அப் குழு இருந்தால் கடிதத்தின் படத்தோடு, யாராவது நிதானமாகப் படித்த குரல் பதிவையும் போடுங்கள். மூன்று நிமிடத்துக்குள் அடங்கும். எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படும் தாத்தா பாட்டிகள் பேரப்பிள்ளையின் பள்ளிச் செய்தியை அதில்தான் கேட்கிறார்கள்.

சாதாரணக் கைப்பேசி உள்ளவர்களுக்குக் குறுஞ்செய்திதான். தமிழில் ஒரு குறுஞ்செய்திக்கு 70 இடம்தான், ஆங்கிலத்தைப் போல 160 கிடையாது. அதிலும் புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனியாக எண்ணப்படும்: "பள்ளி" என்பது நம் கண்ணுக்கு மூன்றெழுத்து, கணக்கில் ஐந்து. "கூட்டம்" நான்கெழுத்து, கணக்கில் ஏழு. ஆகவே முழுக் கடிதத்தையும் அதில் திணிக்காமல், கடிதம் வந்திருக்கிறது, எந்தப் பிள்ளையின் பையில், எந்த நாளில் கூட்டம் என்பதை மட்டும் அனுப்புங்கள்.

படி 8: பதிலுக்கு இடம் விடுங்கள்

தாளின் அடியில் கிழித்துக் கொடுக்கும்படி ஒரு துண்டு: "படித்தேன்", "ஒரு கேள்வி இருக்கிறது", கீழே இரண்டு கோடு. பெயர் எழுதுவது அவரவர் விருப்பம் என்று குறிப்பிடுங்கள், பெயரில்லாத துண்டுகளில்தான் முக்கியமான கேள்விகள் வரும். ஒரு வாரத்துக்குள் வந்தவற்றுக்குப் பள்ளி அறிவிப்புப் பலகையில் பதில் எழுதி ஒட்டுங்கள். பதில் தெரியாத கேள்விகளை அடுத்த கூட்டத்தில் வையுங்கள்.

துண்டுகளைத் தூக்கிப் போடாமல் கடிதத்தின் பிரதியோடு சேர்த்துக் கோப்பில் குத்தி வையுங்கள். அடுத்த பருவத்தில் முதல் படிக்கு உட்காரும்போது அந்தக் கோப்பைத்தான் திறக்கப்போகிறீர்கள்.